அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்: ரசிகர் விருப்பமும் வித்வான் விருப்பமும்

இன்று உலகின் எந்த மூலையில் கர்நாடக சங்கீதக் கச்சேரி நடந்தாலும் அதில் ஒரு வரிசை உண்டு. முதலில் வர்ணம். பிறகு விறுவிறுப்பான சில கீர்த்தனைகள். அடுத்து ஓரளவு ராக ஆலாபனையுடன் ஒரு கிருதி. பின்னர் அன்றைய பிரதான உருப்படி, தனி ஆவர்த்தனம். நேரம் இருந்தால் ராகம் தானம் பல்லவி. கடைசியில் பதம், ஜாவளி, விருத்தம், தமிழ்ப் பாட்டு, தில்லானா, மங்களம். பெங்களூரு சாமராஜபேட்டையின் ராமநவமிப் பந்தலானாலும், மும்பை, டில்லி, கல்கத்தா சபாக்களானாலும், அமெரிக்காவில் நம் பேரக்குழந்தைகள் பாடும் மேடையானாலும் பெரும்பாலும் இதே வரிசைதான். இதை யாரும் சட்டம் போட்டு விதிக்கவில்லை. இது நிலைபெற முக்கியக் காரணமாகச் சங்கீத உலகம் ஒருமுகமாகக் குறிப்பிடும் பெயர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்.

அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அவர் விடை கண்ட கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. மேடையில் உட்காருபவர் ஜனங்கள் கேட்பதைப் பாட வேண்டுமா, தனக்குப் பிடித்ததைப் பாட வேண்டுமா? முதல் வழியில் மட்டும் போனால் கலை மலிந்துவிடும்; இரண்டாவது வழியில் மட்டும் போனால் நாற்காலிகள் காலியாகிவிடும். இந்த இக்கட்டை அவர் எப்படிக் கையாண்டார் என்பதை நம் அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் குருகுல வாசமும்

காரைக்குடிக்கு அருகில், திருவேங்கடமுடையான் கோயிலால் தென் திருப்பதி என்று பெயர் பெற்ற அரியக்குடி கிராமத்தில் 1890-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் தேதி ராமானுஜ ஐயங்கார் பிறந்தார். ஆரம்பத்தில் புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடமும், பின்னர் நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடமும் பாடம் கேட்டார். அதன் பிறகு அவருக்கு வாய்த்த குரு, ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீநிவாஸ ஐயங்கார். மோகன ராகத்தில் இன்று குழந்தைகள் எல்லாம் கற்கும் நின்னுகோரி வர்ணத்தை இயற்றியவர் இவரே.

பூச்சி ஐயங்காரின் குரு பட்டணம் சுப்ரமணிய ஐயர். அவருடைய குரு மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர், ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளின் நேர் சீடர். ஆக, நம் கதாநாயகர் தியாகராஜ பரம்பரையில் வந்தவர். கர்நாடக மாநிலத்தில் வசிக்கும் நமக்கு இங்கே ஒரு கூடுதல் சந்தோஷம் உண்டு. மைசூர் ஆஸ்தான வித்வான் வாசுதேவாசாரியாரும் திருவையாற்றுக்குச் சென்று அதே பட்டணம் சுப்ரமணிய ஐயரிடம் பயின்றவர். எனவே பூச்சி ஐயங்காரும் வாசுதேவாசாரியாரும் ஒரே குருவின் சீடர்கள். பிற்காலத்தில் அரியக்குடிக்கு மைசூர் சமஸ்தானம் காயக சிகாமணி என்ற விருதை அளித்தது.

மாறிப்போன சபை

அவர் பாட வந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய தலைமுறை வித்வான்கள் பெரும்பாலும் அரண்மனைகளிலும், ஜமீன்தார்கள் வீட்டிலும், கோயில் உற்சவங்களிலும், செட்டிநாட்டுக் கல்யாணங்களிலும் பாடினார்கள். அங்கே அழைத்தவர் ஒருவர், சம்பாவனை கொடுப்பவரும் அவரே. முன் வரிசையில் விஷயம் தெரிந்த சிலர் இருப்பார்கள். நேரத்துக்குக் கணக்கில்லை. ஒரு ராகத்தையும் ஒரு பல்லவியையும் மணிக்கணக்கில் பாடலாம்.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. பெங்களூரு காயன சமாஜம் 1905-இல் தோன்றியது. சென்னை மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. ஊருக்கு ஊர் சபாக்கள் முளைத்தன. டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள் குமாஸ்தாக்கள், வக்கீல்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், வீட்டுப் பெண்மணிகள். இவர்களில் பலருக்குப் பல்லவியின் கணக்கு புரியாது. ஆனால் பாட்டு பிடிக்கும், பக்தி உண்டு, காது நல்ல காது. மறுநாள் காலையில் ஆபீஸுக்கும் போக வேண்டும்.

அதாவது, ஒரு ராஜாவின் இடத்தில் ஐந்நூறு ராஜாக்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவருக்குத் தியாகராஜ கிருதி வேண்டும், இன்னொருவருக்குத் தமிழ்ப் பாட்டு வேண்டும், மூன்றாமவருக்கு நிரவலும் ஸ்வரமும் வேண்டும். பின் வரிசையிலிருந்து சீட்டு எழுதி அனுப்பும் பழக்கமும் சபாக்களில் வேரூன்றியது.

அரியக்குடி கண்ட வழி

இந்த நிலைமைக்கு இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. ஒன்று, வந்த சீட்டையெல்லாம் பாடுவது. மற்றொன்று, சீட்டையே பார்க்காமல் இருப்பது. அரியக்குடி இரண்டையும் செய்யவில்லை. எந்தப் பாட்டு என்ற கேள்வியை, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்ற கேள்வியாக அவர் மாற்றிவிட்டார். அவருடைய பத்ததியின் சாரம் இதுதான் என்பது என் அபிப்ராயம்.

விஞ்ஞானப் பட்டதாரி என்ற முறையில் இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். மூன்றரை மணி நேரக் கச்சேரி என்றால் 210 நிமிடங்கள். வர்ணத்துக்கு 8 நிமிடம், நான்கு சிறு கீர்த்தனைகளுக்கு 35, ஆலாபனையும் ஸ்வரமும் கொண்ட கிருதிக்கு 35, நடுவில் ஒரு துரித உருப்படிக்கு 5, பிரதான உருப்படிக்கு 50, தனி ஆவர்த்தனத்துக்கு 15, பல்லவிக்கு 30 என்று வைத்தாலும் கடைசியில் 32 நிமிடம் மிஞ்சுகிறது. இது உதாரணத்துக்காக நான் போட்ட கணக்கே தவிர, குறிப்பிட்ட எந்தக் கச்சேரியின் பதிவும் அல்ல. பழைய முறையில் ஒரு ராகத்துக்கும் பல்லவிக்கும் மட்டுமே சரியாக இருக்கும் நேரத்தில், இந்த முறையில் பன்னிரண்டு உருப்படிகளுக்கு மேல் இடம் கிடைக்கிறது என்பதே இதிலிருந்து தெரிய வேண்டியது.

வர்ணமும் முதல் கீர்த்தனைகளும் பாடுபவரின் குரலைப் பதப்படுத்தும். வெளி உலகக் கவலையோடு வந்து உட்கார்ந்தவரின் மனத்தையும் பதப்படுத்தும். அவருக்கே உரிய மத்தியம காலப் பாட்டு சபையைச் சோர்வடைய விடாது. ரசிகர் தயாரானதும், எது கேட்கப்பட வேண்டும் என்று வித்வான் நினைக்கிறாரோ அது வரும். தீக்ஷிதரின் கனமான கிருதியோ, தோடியோ, காம்போதியோ, கல்யாணியோ அந்த இடத்தில் அமரும். அது நிறைவான பிறகு ஜனங்கள் ஆசைப்பட்டதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வரும். விருந்தில் இலையின் எந்த இடத்தில் எதைப் பரிமாறுவது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்திருந்ததைப் போன்ற விவேகம் இது.

இந்தக் கடைசிப் பகுதியைத் துக்கடா என்று சிலர் இளக்காரமாகச் சொல்வதுண்டு. அரியக்குடி அதை இளக்காரமாக நினைக்கவில்லை. அந்தப் பகுதிக்கும் அதே சிரத்தையோடு புது உருப்படிகளைத் தயார் செய்தார். அருணாசலக் கவிராயரின் ராம நாடகப் பாடல்கள் சிலவற்றுக்கு மெட்டமைத்து மேடைக்குக் கொண்டு வந்தார். ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாசுரங்களுக்கும் அவர் அமைத்த மெட்டுகளே இன்று மார்கழியில் எங்கும் ஒலிக்கின்றன. முதல் ஐந்து பாசுரங்களுக்கு அவர் எடுத்துக்கொண்ட ராகங்களைப் பாருங்கள்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தியாகராஜரின் பஞ்சரத்னத்துக்குரிய அதே ஐந்து ராகங்கள், அதே வரிசை! ஜனங்களுக்குத் தமிழில் பாட்டு வேண்டும். அவருக்கோ பரம்பரையின் கனம் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கூடிவிட்டன.

தன் விருப்பத்துக்கும் கடிவாளம்

ரசிகர்களைக் கட்டுப்படுத்திய அளவுக்கு அவர் தன்னையும் கட்டுப்படுத்திக்கொண்டார் என்பது முக்கியம். நீண்ட ஆலாபனை வித்வானுக்கு இன்பம். அதை அவர் சுருக்கினார். ராகத்தின் உருவம் தெரிந்ததும் நிறுத்தத் தெரிந்தவர் அவர். பல்லவியை விட்டுவிடவில்லை, அதற்கு அளவு வகுத்தார். அதே காலத்தில் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை பல தாள வாத்தியங்களைச் சூழ வைத்துக்கொண்டு லயத்தில் மகா சமர்த்தராகக் கச்சேரி செய்தார். அது ஒரு பெரிய வழி. அரியக்குடி அந்த வழியில் போகவில்லை.

கச்சேரி என்பது ஒருவர் காரியம் அல்ல என்பதும் அவர் வரிசையில் அடங்கியிருக்கிறது. வயலின்காரர் தன் பங்குக்கு ராகம் வாசிக்க இடம் உண்டு. மிருதங்க வித்வானுக்குப் பிரதான உருப்படியில் தனி உண்டு. பாலக்காடு மணி ஐயர் அரியக்குடியின் பாட்டில் வைத்திருந்த மதிப்பு சங்கீத உலகம் அறிந்தது. தன்னிடம் இருந்த கே.வி. நாராயணஸ்வாமியை அவரிடமே சிட்சைக்கு அனுப்பி வைத்தவர் மணி ஐயர். பி. ராஜம் ஐயர், மதுரை என். கிருஷ்ணன் முதலியோரும் அரியக்குடியின் சீடர்களாக விளங்கினார்கள்.

ஒரு மகானின் வேண்டுகோள்

ரசிகரின் வேண்டுகோள் எவ்வளவு உயர்ந்ததாக இருக்க முடியும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் காஞ்சி மகா பெரியவர் செட்டிநாட்டுப் பகுதியில் முகாமிட்டிருந்தபோது அரியக்குடியை வரவழைத்து, காம்போதி ராகத்தில் அமைந்த தீக்ஷிதரின் ஸ்ரீ சுப்ரஹ்மண்யாய நமஸ்தே கிருதியைப் பாடச் சொன்னார். பக்கவாத்தியம் கிடையாது. சொற்கள் சரியாகப் பிரிந்து, அர்த்தம் விளங்கும்படி கேட்க வேண்டும் என்பதே பெரியவரின் விருப்பம். மேடைகளில் அரியக்குடி பாடிப் பாடிப் பிரசித்தமாக்கியிருந்த உருப்படி அது. கேட்பவர் விரும்பியதும் பாடுபவர் போற்றியதும் வேறு வேறாக இல்லாமல் போன தருணம் என்று இதைச் சொல்லலாம்.

கிடைத்ததும் இழந்ததும்

கௌரவங்களுக்குக் குறைவில்லை. 1938-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி ஆனார். சங்கீத நாடக அகாடமி தன் முதல் விருதுகளை வழங்கியபோதே அவருக்கு அது கிடைத்தது. 1958-இல் பத்மபூஷண் வந்தது. 1967 ஜனவரி 23-ஆம் தேதி சென்னையில் காலமானார். அதற்கு நான்கே நாட்கள் முன்னால், ஜனவரி 19-ஆம் தேதி, மைசூர் சௌடையா மறைந்திருந்தார். பெங்களூருவில் வயலின் வடிவில் எழுந்துள்ள மண்டபம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரே வாரத்தில் இரண்டு தூண்கள் சாய்ந்தன.

அரியக்குடியின் வழியில் நஷ்டமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ராகம் தானம் பல்லவியின் பழைய விஸ்தாரம் குறைந்தது. கச்சேரி ஓர் அச்சில் வார்த்தது போல ஆகிவிட்டது என்று குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு. அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் அச்சு வேறு, அச்சை வகுத்தவரின் விவேகம் வேறு. தன் காலத்துச் சபையைப் பார்த்து அவர் அந்த வரிசையை உருவாக்கினார். பின்னால் வந்தவர்கள் சபையைப் பார்க்காமல் வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டால், பிசகு அவருடையது அல்ல.

அதே சமயம் கிடைத்த லாபத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரண்மனைகள் மறைந்த பிறகு நம் சங்கீதம் அவற்றோடு மறைந்துவிடவில்லை. சாதாரணக் குடும்பத்தினர் டிக்கெட் வாங்கியும், பெங்களூரு ராமநவமிப் பந்தல் போன்ற இடங்களில் மண்ணில் உட்கார்ந்தும், அதைக் காப்பாற்றினார்கள். தங்களுக்கும் இடமுள்ள ஒரு கச்சேரி அவர்களுக்குக் கிடைத்தது. அந்த இடத்தை ஏற்படுத்திக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் அரியக்குடி.

நமக்கு ஒரு பாடம்

நம் கிளைகளில் நவராத்திரி, ராமநவமி விழாக்களுக்கு நிகழ்ச்சி அமைக்கும் அன்பர்கள் ஒவ்வோர் ஆண்டும் இதே சங்கடத்தைச் சந்திக்கிறார்கள். ஒரு சாராருக்கு சுத்த சங்கீதம் வேண்டும்; மற்றொரு சாராருக்கு தெரிந்த பஜனைப் பாட்டு போதும். யாரை விடுவது என்று விவாதித்து மனஸ்தாபம் கொள்வதைவிட, எதை எந்த இடத்தில் வைப்பது என்று யோசிக்கலாம். தெரிந்ததில் தொடங்குங்கள். மனம் ஒன்றியபின் கனமானதை வையுங்கள். நிறைவில், வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பும்படி ஏதாவது ஒன்றைக் கொடுங்கள். பாட வரும் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். சபைக்கு மரியாதை கொடுப்பதும் சபையை ஒரு படி மேலே அழைத்துச் செல்வதும் ஒரே மாலையில் முடியக்கூடிய காரியம்தான். ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அதைச் செய்து காட்டினார்.