பூவை உயிரோடு வரைந்தவர்!

ஒரு ரோஜாப் பூவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து வரையுங்கள்.

நம்மில் பலர் என்ன செய்வோம்? நடுவில் ஒரு சுழி போடுவோம். அதைச் சுற்றி நாலைந்து வளைவுகள். கீழே ஒரு கோடு. இரண்டு பக்கமும் இரண்டு இலைகள். ரோஜா தயார்!

ஆனால், அது கையில் இருக்கும் ரோஜா அல்ல. மனதில் இருக்கும் ரோஜா. கையில் இருந்த பூவை நாம் பார்க்கவே இல்லை!

பூவைப் பார்ப்பதிலேயே தன் வாழ்நாளைக் கழித்த ஒருவர் பிரான்சு நாட்டில் இருந்தார். அவர் வரைந்த ரோஜாக்கள், 200 ஆண்டுகள் ஆகியும் வாடவில்லை. வாழ்த்து அட்டைகளிலும், சுவர்ப் படங்களிலும் இன்றும் பூத்துக்கொண்டிருக்கின்றன.

அவர் பெயர், பியேர் ஜோசப் ரெடூத்தே.

13 வயதில் புறப்பட்டார்

ரெடூத்தே பிறந்தது 1759-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி. ஊர், செயின்ட் ஹூபர்ட். மலையும் காடும் சூழ்ந்த சிற்றூர். இப்போது அது பெல்ஜியம் நாட்டில் இருக்கிறது.

தகப்பனார் ஓவியர். பாட்டனாரும் ஓவியர். ஆனால், படம் வரைந்து பணக்காரர் ஆனவர்கள் அல்ல. கோவிலுக்கும் மாளிகைக்கும் படம் எழுதிக் கொடுத்து, அன்றன்றைய வயிற்றைக் கழுவிய குடும்பம்.

13 வயது ஆனதும் சிறுவன் ரெடூத்தே வண்ணப் பெட்டியுடன் வீட்டை விட்டுப் புறப்பட்டான். ஊர் ஊராகத் திரிந்தான். எந்த வேலை கிடைத்தாலும் செய்தான். சுவருக்கு அலங்காரம் செய்தான். மனிதர்களின் உருவப் படம் வரைந்தான். இப்படியே ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஓடின.

இந்த அலைச்சலில் அவன் ஹாலந்து நாட்டுக்குப் போனான். அங்கே பழைய ஓவியர்கள் வரைந்த பூப் படங்களைப் பார்த்தான். இதழில் பனித்துளி நிற்பது போல வரைந்திருந்தார்கள். அவன் மனம் அங்கேயே தங்கிவிட்டது.

நாடகத் திரை எழுதியவர்

1782-ம் ஆண்டு ரெடூத்தே பாரிஸ் நகருக்கு வந்தார். அவருடைய அண்ணன் அங்கே நாடக மேடைக்குத் திரை எழுதும் வேலையில் இருந்தார். தம்பியும் அதே வேலையில் சேர்ந்துகொண்டார்.

வேலை போக மிஞ்சிய நேரத்தில் அரசரின் செடித் தோட்டத்துக்குப் போவார். பூக்களுக்கு எதிரே உட்கார்ந்து வரைவார். யாரும் கேட்கவில்லை; யாரும் கூலி கொடுக்கவில்லை.

அந்தப் படங்கள் லெரித்தியே என்பவரின் கண்ணில் பட்டன. அவர் பெரிய செல்வர். வரி வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி. ஆனால், அவருடைய உயிர் முழுவதும் செடி கொடி ஆராய்ச்சியில் இருந்தது.

லெரித்தியே, ரெடூத்தேயைத் தன் வீட்டுக்கு அழைத்தார். தன் புத்தகங்களைத் திறந்து காட்டினார். பூவை இதழ் இதழாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக் கொடுத்தார்.

பூ அழகாக இருந்தால் மட்டும் போதாது. இதழ்கள் எத்தனை? அடியில் உள்ள பச்சை இதழ்கள் எத்தனை? மகரந்தத் தாள்கள் எத்தனை? இலை நேர் எதிரே முளைக்கிறதா, மாறி மாறி முளைக்கிறதா? இவை எல்லாம் படத்தில் சரியாக இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும், அது வேறு செடியாகிவிடும்.

இந்தக் கண்டிப்புத்தான் ரெடூத்தேயை மற்ற ஓவியர்களிடமிருந்து பிரித்தது. லெரித்தியேயின் புத்தகத்துக்கு அவர் 50-க்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். 1787-ம் ஆண்டு லெரித்தியேயுடன் பணியாற்ற லண்டனுக்கும் போனார். அங்கே கியூ தோட்டத்தில் இருந்த தூர தேசத்துச் செடிகளைப் பார்த்து வரைந்தார்.

தண்ணீரும் வர்ணமும்

ரெடூத்தேக்கு இன்னொரு குருவும் வாய்த்தார். அவர் வான் ஸ்பெண்டோங்க். அரசரின் தோட்டத்தில் பூ வரையும் ஆசிரியர்.

அந்தக் காலத்தில் பலர், சுண்ணம் கலந்தது போன்ற கெட்டியான வர்ணத்தைப் பூசுவார்கள். கெட்டி வர்ணம் அடித்தாளை மறைத்துவிடும். பூவும் கனத்துப் போய்விடும்.

வான் ஸ்பெண்டோங்க் வேறு வழியைக் காட்டினார். வர்ணத்தைத் தண்ணீரில் மெல்லியதாகக் கரைக்க வேண்டும். பதப்படுத்திய கன்றுக்குட்டித் தோலின் மேல் மெல்லப் பூச வேண்டும். காய்ந்த பிறகு அதன் மேல் இன்னொரு பூச்சு. பிறகு இன்னொன்று. முதலில் வெளிர் நிறம். கடைசியில் அடர் நிறம். வெளிச்சம் விழும் இடத்தில் வர்ணமே கூடாது. தோலின் வெண்மைதான் அங்கே வெளிச்சம்!

வர்ணத்தின் ஊடே அடித்தோல் பளிச்சிடும். உயிருள்ள இதழின் ஊடே வெயில் பாய்வது போலவே இருக்கும்.

ரெடூத்தே பார்வைக்கு அழகானவர் அல்ல. கட்டை குட்டையான உடம்பு. தடித்த, வளைந்த விரல்கள். அந்த விரல்களா இவ்வளவு மெல்லிய இதழை வரைந்தன என்று அவரை நேரில் கண்டவர்கள் திகைத்தார்கள்!

தலைகள் உருண்டன

ரெடூத்தேயின் புகழ் அரண்மனைக்கு எட்டியது. பிரான்சு அரசி மேரி அன்டாய்னட், அவரைத் தன் ஓவியராக நியமித்தார்.

ஆனால், நாடு கொதித்துக்கொண்டிருந்தது. 1789-ம் ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அரச குடும்பம் சிறைப்பட்டது. சிறையில் இருந்த அரசி, நள்ளிரவில் பூக்கும் ஒரு கள்ளிப் பூவைப் பார்த்து வரைய ரெடூத்தேயை வரவழைத்தார் என்று ஒரு கதை உண்டு. 1793-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி அரசியின் தலை வெட்டப்பட்டது.

அரசியிடம் வேலை பார்த்தவர் என்றால், அந்தக் காலத்தில் உயிருக்கே ஆபத்து. ஆனால், ரெடூத்தேயை யாரும் தொடவில்லை. அரசரின் தோட்டம் மக்களின் இயற்கைப் பொருட்காட்சிச் சாலையாக மாறியது. அதே 1793-ல், அங்கே படம் வரையும் வேலை ரெடூத்தேக்கும் அவர் தம்பிக்கும் கிடைத்தது. ஆட்சி மாறினாலும் பூ மாறவில்லை. பூவை வரைய ஆளும் தேவைப்பட்டது.

லெரித்தியேயின் கதை சோகமாக முடிந்தது. 1800-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஓர் இரவு, வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவரை யாரோ வெட்டிக் கொன்றுவிட்டார்கள். கொன்றது யார் என்பது கடைசி வரை தெரியவில்லை.

பேரரசியின் தோட்டம்

நெப்போலியனின் மனைவி ஜோசபைன், பாரிசுக்கு அருகே மால்மேசான் என்ற மாளிகையை 1799-ம் ஆண்டு வாங்கினார். அங்கே பெரிய தோட்டம் போட்டார். உலகின் மூலை முடுக்குகளில் இருந்து எல்லாம் செடிகளை வரவழைத்தார். அவற்றை வரையும் பொறுப்பை ரெடூத்தேயிடம் கொடுத்தார். ரெடூத்தேக்குப் பணம் கொட்டியது.

இந்த நாட்களில்தான் அவர் லில்லிப் பூக்களைப் பற்றிய பெரிய புத்தகத்தைத் தொடங்கினார். 1802 முதல் 1816 வரை அது 8 பாகங்களாக வெளிவந்தது. 480-க்கும் மேற்பட்ட படங்கள்!

லில்லியை ஏன் தேர்ந்தெடுத்தார்? அதற்குக் காரணம் உண்டு. சாதாரணச் செடியைக் காகிதத்தில் வைத்து அழுத்திக் காய வைத்தால், பல ஆண்டுகள் கழித்தும் அடையாளம் தெரியும். லில்லி போன்ற நீர்ச் சத்து மிகுந்த பூ அப்படி அல்ல. காய்ந்தால் உருவமும் போகும், நிறமும் போகும். அதைக் காப்பாற்றப் படம் ஒன்றுதான் வழி.

லில்லிக்கு உறவு என்று அக்காலத்தில் எண்ணிய பல செடிகளும் அந்தப் புத்தகத்தில் இடம் பெற்றன. நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் வாழை அதில் இருக்கிறது. நம் வேலிகளில் படரும் செங்காந்தளும் இருக்கிறது!

புள்ளிகளால் ஒரு பூ

ஒரு படத்தை வரையலாம். அதைப் பல பிரதிகள் எடுப்பது எப்படி? அப்போது புகைப்படம் கிடையாது.

செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கித்தான் அச்சிட வேண்டும். வழக்கமாகக் கோடு கோடாகச் செதுக்குவார்கள். கோடு விழுந்தால் இதழின் மென்மை கெட்டுவிடும். அதனால் ரெடூத்தே, கோட்டுக்குப் பதில் நுண்ணிய புள்ளிகளால் செதுக்கும் முறையைக் கையாண்டார். இங்கிலாந்தில் புழங்கிய அந்த முறையைப் பிரான்சில் அவர் மேலும் செம்மைப்படுத்தினார்.

ஒரே தகட்டில், இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை என்று சிறு துணிப் பந்தால் மை தொட்டு வைப்பார்கள். ஒரு தாள் அச்சானதும் மறு தாளுக்கு மீண்டும் முதலில் இருந்து மை வைக்க வேண்டும். கடைசியில் தூரிகையால் கைவேலை. ஒவ்வொரு தாளுக்கும் இத்தனை பாடு!

நெப்போலியன் ஜோசபைனை விலக்கிவிட்டு வேறு மணம் செய்துகொண்டார். 1814-ம் ஆண்டு ஜோசபைன் இறந்தார். நெப்போலியன் ஆட்சியும் வீழ்ந்தது.

அதற்குப் பிறகுதான் ரெடூத்தேயின் புகழ் பெற்ற ரோஜாப் புத்தகம் வெளிவந்தது. 1817 முதல் 1824 வரை 3 பாகங்கள். ஏறத்தாழ 170 ரோஜாக்கள். அந்த ரோஜாக்களில் பலவற்றின் வகைகள் இன்று தோட்டங்களில் இல்லை. படத்தில் மட்டும் இருக்கின்றன.

கையில் தங்காத காசு

பூவை அவ்வளவு கவனமாகப் பார்த்த கண், கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவில்லை!

பணம் வந்தபோது ரெடூத்தே நகரத்துக்கு வெளியே பெரிய வீடு வாங்கினார். தாராளமாகச் செலவு செய்தார். புத்தகங்கள் அச்சிடவும் பெரும் பணம் தேவைப்பட்டது. வருமானம் குறைந்தபோது செலவு குறையவில்லை. கடன் ஏறியது.

1822-ம் ஆண்டு அவர் பொருட்காட்சிச் சாலையில் ஓவிய ஆசிரியர் ஆனார். பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பாடம் கேட்க வந்தார்கள். அரச குடும்பத்துப் பெண்களும் வந்தார்கள். 1825-ம் ஆண்டு அரசாங்கம் உயர்ந்த விருது கொடுத்தது. ஆனால், விருது கடனை அடைக்குமா? வீட்டுச் சாமான்கள் போயின. வெள்ளிப் பாத்திரங்கள் போயின. படங்களும் போயின.

80 வயதிலும் அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. 1840-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் இறந்தார். மாணவி ஒருத்தி கொண்டுவந்த வெள்ளை லில்லிப் பூவைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார் என்று சொல்கிறார்கள்.

மனைவி மக்களுக்கு அவர் விட்டுச் சென்றது, கடன். உலகத்துக்கு விட்டுச் சென்றது, 2,000-க்கும் மேற்பட்ட அச்சுப் படங்கள்!

நீங்களும் வரையலாம்

ரெடூத்தேக்குத் தூரிகையும் கன்றுத் தோலும் இருந்தன. இன்று கடைகளில் ஆல்கஹால் மார்க்கர் பேனாக்கள் கிடைக்கின்றன. பிள்ளைகள் அவற்றால் பூ வரைகிறார்கள். கருவி புதிது, விதி பழையது. இந்த மையும் மெல்லியது, அடித்தாளை மறைக்காது. அதனால் அவர் போன வழியிலேயே போகலாம்.

வழவழப்பான, கனமான தாளை எடுங்கள். மை மறுபக்கம் ஊறும்; அதனால் அடியில் வேறொரு தாளை வையுங்கள். ஒரே நிறத்தில் வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்று பேனாக்கள் போதும்.

முதலில் பூவைப் பாருங்கள். இதழ்களை எண்ணுங்கள். பென்சிலால் லேசாகக் கோடு போடுங்கள்.

பிறகு வெளிர் நிறத்தை ஒவ்வோர் இதழாகப் பூசுங்கள். மை பரவும், ஆகவே கோட்டுக்குச் சற்று உள்ளேயே நிறுத்துங்கள். வெளிச்சம் விழும் இடத்தைத் தொடாமல் விடுங்கள். ஓர் இதழ் இன்னொன்றின் அடியில் நுழையும் இடத்தில் நிழல் இருக்கும். அங்கே அடர் நிறம் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே நடுத்தர நிறம். ஈரம் காய்வதற்குள் வெளிர் பேனாவால் ஓரத்தைத் தடவினால், நிறங்கள் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும்.

முதல் பூ சரியாக வராது. கவலை வேண்டாம். உங்கள் விரல் தடித்ததா, மெலிந்ததா என்பதும் முக்கியம் அல்ல. ரெடூத்தேயின் விரலும் தடித்த விரல்தான்!

இப்போது அந்த ரோஜாவை மறுபடியும் கையில் எடுங்கள். அதைத் திருப்பிப் பாருங்கள். பூவின் அடியில் எத்தனை பச்சை இதழ்கள் இருக்கின்றன?

ஐந்து. எண்ணிவிட்டீர்களா? இனி வரையத் தொடங்கலாம்.