திருத்தணிகை விசாகப்பெருமாளையர்

தொண்டை நாட்டின் வடபால், ஆந்திர நாட்டின் எல்லையை அடுத்து விளங்குவது திருத்தணிகை. முருகப்பெருமான் கோயில் கொண்ட மலையின் அடியில் அமைந்த அவ்வூரில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும். மாநில எல்லைகள் திருத்தி அமைக்கப்பட்டபோது, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் அவ்வூர் ஆந்திர மாநிலத்தினின்று நீங்கி, அந்நாளில் சென்னை மாநிலம் என வழங்கிய தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே, அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு தாங்கித் தமிழிலக்கணத்திற்கு அருந்தொண்டு புரிந்தவர் விசாகப்பெருமாளையர்.

அவர் வீரசைவ மரபினர். அவருடைய தந்தையார் கந்தப்பையர், தணிகைப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவரின் மாணாக்கர். சரவணப்பெருமாளையர் என்பார் விசாகப்பெருமாளையருடன் பிறந்தவர். மைந்தர் இருவர்க்கும் தணிகைப் பெருமானின் திருப்பெயர்களையே தந்தையார் சூட்டினார். இருவரும் சென்னையில் இராமாநுச கவிராயரை அடுத்து இலக்கண இலக்கியங்களை ஐயமறக் கற்றனர். ஜி. யு. போப் முதலிய மேனாட்டு அறிஞர்க்கும் தமிழ் பயிற்றிய பேராசிரியர் அக்கவிராயர்.

அக்காலத்தில் இலக்கணம் கற்பது எளிதன்று. நூல்கள் பெரும்பாலும் பனையேட்டில் இருந்தன. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலில் பாயிரமும் எழுத்தும் சொல்லும் 462 நூற்பாக்களில் அடங்கியுள்ளன. சில சொற்களில் பல பொருளைச் செறித்து வைத்தல் நூற்பாவின் இயல்பு. மனனம் செய்வதற்கு அஃது ஏற்றதே. ஆயினும், ஆசிரியர் வாய்மொழி இன்றேல் இளையோர்க்கு அது திறவுகோல் இல்லாப் பேழையே ஆகும். ஆசிரியர் வாயாதவர்க்குத் தம் தாய்மொழியின் விதிகளே எட்டாக்கனியாயின.

இதற்கிடையில் காலம் மாறியது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் அலுவலர் நாட்டு மொழிகளைக் கற்பதற்காக 1812-இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. பின்னர்ப் பள்ளிகளும் பெருகின. குருவின் இல்லத்தில் பல்லாண்டு தங்கிக் கற்கும் வாய்ப்பில்லாத மாணவர் பலராயினர். அவர்களுக்கு இலக்கணத்தை எவ்வாறு அளிப்பது? இவ்வினாவிற்கு விடை காண்பதையே விசாகப்பெருமாளையர் தம் வாழ்நாட்பணியாகக் கொண்டார்.

அவர் நன்னூலுக்குக் காண்டிகையுரை வகுத்தார். நூற்பாவின் கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை ஆகியவற்றால் பொருளைச் சுருங்க விளக்குவது காண்டிகை. மேலும், பாலபோத இலக்கணம், இலக்கணச் சுருக்க வினாவிடை முதலிய உரைநடை நூல்களையும், யாப்பு, அணி ஆகியவற்றிற்குத் தனித்தனி நூல்களையும் இயற்றினார்.

இத்தகைய நூல்களின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். பொன், குடம் என்னும் இரு சொற்களும் சேர்ந்து பொற்குடம் என வருவதை ஒரு மாணவன் காண்கிறான். னகரம் றகரமானது ஏன் என்னும் ஐயம் அவனுக்கு எழுகிறது. நூல் முழுவதையும் அவன் அப்பொழுதே ஓத வேண்டுவதில்லை. மெய்யீற்றுப் புணரியல் என்னும் பகுதியை எடுத்து, னகர ஈறு பற்றிய விதியையும் அதன் உரையையும் நோக்கின், வேற்றுமைப் புணர்ச்சியில் வல்லினம் வருமிடத்து னகரம் றகரமாகத் திரியும் என அறிந்து ஐயம் தீர்வான்.

அரிய நூலை எளிதாக்கின் அதன் பெருமை குறையாதோ, மாணவர் மனனத்தைக் கைவிடாரோ எனச் சிலர் ஐயுறலாம். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. விளக்கத்தை மட்டும் படித்து மூலத்தை மறப்பவன் மரத்தை விட்டு நிழலைப் பற்றியவனாவான். ஐயரோ மூலத்தை நீக்கினாரல்லர். நூற்பாவை அதன் இடத்திலேயே நிறுத்தி, அதனை அடைதற்குப் படிகளையே அமைத்தார். படிகள் அமைத்தலால் மலையின் உயரம் குறைவதில்லை. ஏறுவோர் தொகையே மிகும்.

எழுதிய நூல் பலர் கையையும் சென்றடைதல் வேண்டும். ஆதலின் உடன்பிறந்தார் இருவரும் அச்சுத் தொழிலிலும் ஈடுபட்டனர். கல்வி விளக்கம் என்பது அவர்தம் அச்சுக்கூடத்தின் பெயர். சரவணப்பெருமாளையர் திருக்குறளைப் பிழையற ஆராய்ந்து பதிப்பித்து, எளிய உரையும் கண்டார். நாட்டவர் அச்சுக்கூடம் நடத்துவதற்கு இருந்த தடைகள் 1835-இல் நீங்கவே, தமிழ் நூற்பதிப்பு விரைந்து வளர்ந்தது. பின்னர் ஆறுமுக நாவலரும் நன்னூலுக்குக் காண்டிகையுரை வகுத்து இப்பணியை வளர்த்தார்.

இக்காலத்தில் கணிப்பொறிக்கு ஆணையிடும் மொழிகளை ஆக்குவோர், அவற்றின் விதிகளைத் தலைப்பு வாரியாக வகுத்து, ஒவ்வொன்றற்கும் பயனும் எடுத்துக்காட்டும் காட்டி, எவரும் தேடிக் காணுமாறு இணையத்தில் வைக்கின்றனர். நன்னூலும் உரையோடு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இடம்பெற்றுள்ளது. பனையேடு அச்சேடாகி, அச்சேடு மின்னேடாயிற்று. கருவிகள் மாறினும் நோக்கம் ஒன்றே. தாம் கற்றதைப் பிறர் எளிதில் தேடி எடுக்குமாறு ஒழுங்குபடுத்தி வைப்பதும் கல்வித் தொண்டே என்பதற்கு விசாகப்பெருமாளையர் வாழ்வு சான்றாக நிற்கிறது.