ஆடலரசியரை ஆக்கிய ஆசிரியை

கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் அதன் கலசத்தைத்தான் காண்கிறார்கள். மண்ணுக்குள் கிடக்கும் அடிக்கல்லை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கலையுலகிலும் அப்படித்தான். மேடையின் ஒளிவெள்ளத்தில் நிற்பவர் பெயர் நாடெங்கும் பரவுகிறது; அவரை அங்கே நிற்கப் பழக்கியவர் பெயர் வகுப்பறைச் சுவருக்குள்ளேயே நின்றுவிடுகிறது. இதற்கு விதிவிலக்காக, கற்பித்தலினாலேயே உலகப் புகழ் பெற்ற ஓர் அம்மையார் ரஷ்ய நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் அக்ரிப்பினா வகானோவா. இன்று பாலே நடனம் பயிலும் நாடுகள் பலவற்றில் அவர் பெயராலேயே ஒரு பயிற்சிமுறை வழங்கி வருகிறது.

பாலே என்பது ஐரோப்பிய அரண்மனைகளில் தோன்றி, அரங்குகளில் வளர்ந்த நடனம். இத்தாலியில் முளைவிட்டு, பிரான்சில் இலக்கணம் பெற்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யாவில் செழித்தது. ஆடுவோர் கால்விரல் நுனியில் நிற்பர், காற்றில் எழும்புவர், பம்பரமெனச் சுழல்வர், வாய் திறவாமலே ஒரு கதையைச் சொல்லி முடிப்பர். காண்போர்க்கு அது பூப்போன்ற மென்மை. ஆடுவோர்க்கோ எலும்பும் தசையும் நோகும் உழைப்பு.

இளமையும் கல்வியும்

வகானோவா 1879ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் புகழ்மிக்க மரின்ஸ்கி அரங்கில் பணியாளர். வருகின்ற பார்வையாளர்களை அழைத்துச் சென்று இருக்கை காட்டி அமர்த்துவது அவர் வேலை. சீமான்களும் சீமாட்டிகளும் வந்து அமரும் அந்த அரங்கில், தந்தை கதவோரம் நின்றார். மகள் ஒருநாள் அதே அரங்கின் நடுவே நிற்பார் என்று அன்று யார் எண்ணியிருப்பர்!

வறுமையில் வளர்ந்த அச்சிறுமி பத்து வயதை ஒட்டிப் பேரரசின் பாலே பள்ளியில் சேர்க்கப்பட்டார். லெவ் இவானோவ், எகாத்தரீனா வாசெம், கிறிஸ்டியன் யோஹான்சன், பாவெல் கெர்த் போன்ற பேராசான்களிடம் பயின்றார். ஆயினும் கலை அவருக்கு எளிதில் வசப்படவில்லை. உயரம் குறைவு; உடற்கட்டு உறுதியானது; கால்களில் வலிமை இருந்தது, கைகளில் நெகிழ்ச்சி இல்லை. பாலே அரங்கம் விரும்பிய மெல்லிய அழகு அவரிடம் இல்லை.

அரங்கிலே பதினெட்டு ஆண்டுகள்

1897இல் படிப்பை முடித்து மரின்ஸ்கி அரங்கின் ஆடற்குழுவில் கடைநிலையில் சேர்ந்தார். அந்நாளில் அங்கே நடன அமைப்பில் கோலோச்சியவர் மாரியஸ் பெட்டிப்பா. அவர் வகானோவாவின் ஆட்டத்தைப் பெரிதாக மதிக்கவில்லை. உடன் ஆடியவர்களோ ஒளிவீசும் விண்மீன்கள். மத்தில்டா க்ஷெசின்ஸ்காயா முன்பே புகழின் உச்சியில் இருந்தார். அதே பள்ளியில் பயின்று 1899இல் வெளிவந்தவர் அன்னா பாவ்லோவா. (உலகைச் சுற்றிவந்த இந்தப் பாவ்லோவாவின் தூண்டுதலே ருக்மிணிதேவி அருண்டேல் அவர்களை நடனத்தின் பக்கம் திருப்பியது. அவர் 1936இல் கலாக்ஷேத்திராவை நிறுவியதை நாம் அறிவோம்.) அடுத்து 1902இல் தமாரா கர்சாவினா வந்தார். இத்தனை பேருக்கு இடையில் வகானோவாவுக்கு முதன்மை வேடங்கள் கிட்டுவது அரிதாயிற்று.

அவர் சோர்ந்துவிடவில்லை. பள்ளியில் படித்து முடித்தவர் மீண்டும் மாணவியானார். ஓல்கா பிரியோபிரஜென்ஸ்காயா என்ற மூத்த கலைஞரிடம் பாடம் கேட்டார். அக்காலத்தில் பாலேயில் இருவேறு போக்குகள் இருந்தன. பிரெஞ்சுப் போக்கில் நளினம் மிகுதி, வலிமை குறைவு. இத்தாலியப் போக்கில் வலிமையும் வேகமும் மிகுதி, ஆனால் அசைவுகள் விறைப்பானவை. தம் உடலில் எந்த அசைவு ஏன் சரியாக வரவில்லை என்று வகானோவா தமக்குத் தாமே ஆராய்ந்தார். ஆட்டத்தின் இடையே வரும் கடினமான தனியாட்டங்களில் அவருக்கு நிகர் எவருமில்லை என்ற பெயர் வந்தது. தனியாட்டங்களின் அரசி என்றே திறனாய்வாளர்கள் அவரைப் போற்றினர். ஆயினும் பாலரீனா என்னும் முதன்மைப் பட்டம் 1915இல்தான் கிட்டியது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தார். மறு ஆண்டே, 1916இல், மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பு, ஓராண்டுப் பட்டம். கதை இத்துடன் முடிந்திருந்தால் இன்று நாம் அவர் பெயரை அறிந்திருக்க மாட்டோம்.

ஆசிரியப் பணி

1917இல் ரஷ்யப் புரட்சி வந்தது. அவ்வாண்டு இறுதியில் கணவரும் இறந்தார். குடும்பச் சுமை அவர் தலைமேல் விழுந்தது. வாழ்வை நடத்தத் தனியார் நடனப் பள்ளிகளில் கற்பிக்கத் தொடங்கியவர், 1921இல் தாம் பயின்ற பழைய பள்ளிக்கே ஆசிரியையாகத் திரும்பினார்.

அக்காலம் பாலேக்குச் சோதனைக் காலம். அரண்மனையில் வளர்ந்த கலை உழைக்கும் மக்களின் ஆட்சியில் எதற்கு என்று பலர் கேட்டனர். அக்கேள்விக்கு வகானோவா மேடையேறி விடை சொல்லவில்லை; மாணவியரை மேடையேற்றி விடை தந்தார். 1925இல் அவர் வகுப்பிலிருந்து மரினா செம்யோனோவா வெளிவந்தார். அவருடைய ஆட்டத்தின் வலிமையையும் வீச்சையும் கண்டு லெனின்கிராடு நகரமே வியந்தது. 1928இல் கலீனா உலானோவாவும் தத்தியானா வெச்செஸ்லோவாவும், 1931இல் நத்தாலியா துதின்ஸ்காயாவும் வந்தனர். ஒருவர் ஆட்டத்தை மற்றவர் ஆட்டத்தோடு ஒப்பிட இயலாது. செம்யோனோவாவிடம் கம்பீரம், உலானோவாவிடம் கவிதை போன்ற அமைதி, துதின்ஸ்காயாவிடம் மின்னல் வேகம். ஒரே ஆசிரியை, ஒரே பயிற்சி; ஆனால் மாணவியர் அச்சில் வார்த்த பொம்மைகளாகவில்லை.

அப்பயிற்சியின் சிறப்புதான் என்ன? பிரெஞ்சு நளினத்தையும் இத்தாலிய வலிமையையும் அவர் இணைத்தார். ஆடுவது கால் மட்டுமன்று, உடல் முழுவதும் ஆடவேண்டும் என்பது அவர் கொள்கை. முதுகெலும்பின் உறுதியே நிலைப்பாட்டுக்கு அடிப்படை என்றார். கைகள் அழகுக்காக மட்டும் இல்லை. சுழலவும் எழும்பவும் அவையே உந்துதல் தர வேண்டும் என்று கற்பித்தார். சுழல்பவர் கைகளை உடலோடு ஒடுக்கினால் வேகம் மிகும் என்பதைக் கோண உந்தம் பற்றிய பாடத்தில் நாமும் படிக்கிறோம். சூத்திரம் எழுதாமலே அதைத் தம் வகுப்பில் நாள்தோறும் அவர் செய்து காட்டினார் எனலாம்.

எல்லாவற்றிலும் மேலாக, மாணவியர் செய்து காட்டினால் மட்டும் அவர் நிறைவடைய மாட்டார். அந்த அசைவு ஏன் அப்படி அமைகிறது, தவறினால் எதனால் தவறியது என்று அவர்கள் விளக்கவும் வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு என் நினைவு வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பள்ளியில் புரிந்ததையும் புரியாததையும் மனப்பாடம் செய்தே மதிப்பெண் பெற்று வந்தேன். முதலாண்டுச் செய்முறை வகுப்பில் ஊசலின் அலைவு நேரத்தைச் சரியாக அளந்து காட்டினேன். வீச்சைச் சிறியதாக வைத்தது ஏன் என்று விரிவுரையாளர் கேட்டார். விடை தெரியாமல் தலைகுனிந்து நின்றேன். கற்றல் என்பது என்னவென்று அன்றுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது.

நடன அமைப்பாளர்

1931 முதல் 1937 வரை லெனின்கிராடு பாலே குழுவின் கலை இயக்குநராகவும் வகானோவா விளங்கினார். 1933இல் சைக்கோவ்ஸ்கியின் இசையில் அமைந்த அன்ன ஏரி நாடகத்தைப் புதிய முறையில் அமைத்தார். உலானோவா அதில் அன்னமாக ஆடினார். 1935இல், விக்தர் ஹ்யூகோவின் நாவலைத் தழுவிய எஸ்மரால்டா என்னும் பழைய பாலேயைப் புதுக்கி அமைத்தார். அதில் அவர் உருவாக்கிய டயானா - ஆக்டியான் இணையாட்டம் இன்றும் நடனப் போட்டிகளில் இளங்கலைஞர்களின் உரைகல்லாக நிற்கிறது. முழு நாடகம் மறந்தவர்க்கும் அந்த இணையாட்டம் மறப்பதில்லை.

1934இல் தம் பயிற்சிமுறையை வகுத்துக் கூறும் செவ்வியல் நடன அடிப்படைகள் பற்றிய நூலை வெளியிட்டார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அவரிடம் பயின்ற வேரா வோல்கோவா அம்முறையை இலண்டனுக்கும், பின்னர் டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்கும் கொண்டு சென்றார்.

இறுதிவரை கற்பித்த வகானோவா 1951 நவம்பர் 5ஆம் நாள் மறைந்தார். அவருடைய கடைசி மாணவியருள் ஒருவரான இரீனா கல்பகோவா தேர்ச்சி பெற்றதும் அதே ஆண்டில்தான். 1957இல் அப்பள்ளிக்கு வகானோவாவின் பெயர் சூட்டப்பட்டது. பேரரசின் பெயரால் நடந்த பள்ளிக்கு, அரங்கப் பணியாளர் ஒருவரின் மகள் பெயர்! அவருடைய முதல் வகுப்பு மாணவி செம்யோனோவாவும் பின்னாளில் மாஸ்கோவில் பல்லாண்டுகள் ஆசிரியையாக விளங்கி, 2010இல் நூற்றொரு வயதில் மறைந்தார். ஒரு விளக்கில் ஏற்றிய சுடர் அடுத்த விளக்குக்கும் அதற்கடுத்த விளக்குக்கும் சென்றது.

மாணவ நண்பர்களே! எல்லாம் எளிதில் கைவரப் பெற்றவர் வகானோவா அல்லர். கைகள் வளையவில்லை, அதனால் கை எப்படி வளைகிறது என்று ஆராய்ந்தார். வாய்ப்பு வரவில்லை, அதனால் நின்ற இடத்திலிருந்து கற்றார். தம்மை வருத்திய குறைகள் ஒவ்வொன்றையும் பிற்காலத்தில் பிறர்க்குப் பாடமாக மாற்றினார். நம்மிடையே ஆங்கிலம் தடுமாறுபவர் உண்டு. கணக்கு வராதவர் உண்டு. கேள்வி கேட்க நா எழாதவர் உண்டு. அந்தக் குறையை மறைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருப்பதைவிட, அது ஏன் வந்தது என்று ஆராயத் துணிவோம். நாளை நம் வீட்டிலிருந்து, நம் தெருவிலிருந்து, நமக்குப் பின்னே ஒரு தம்பியோ தங்கையோ கல்லூரிக்கு வரும்போது, எந்த இடத்தில் கால் இடறும், எப்படி ஊன்ற வேண்டும் என்று சொல்லித்தர நம்மால் முடியும்.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)