பஃபெட்டின் ஆசிரியர் கடைசியில் சொன்ன பாடம்

மாலை நடையில் பங்குச் சந்தைப் பேச்சு வந்தால் வாரன் பஃபெட்டின் பெயர் வராமல் இருக்காது. அவருக்குப் பாடம் சொன்ன பெஞ்சமின் கிரஹாமைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கிரஹாம் 1894-ல் லண்டனில் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் நியூயார்க்கில் குடியேறியது. பீங்கான் சாமான்களை இறக்குமதி செய்து விற்றுவந்த அப்பா 1903-ல் இறந்துபோக, வியாபாரம் நொடித்தது. மூன்று பையன்களை வளர்க்கத் தாயார் வீட்டில் ஆட்களைத் தங்கவைத்துப் பார்த்தார். பிறகு, புரோக்கரிடம் கடன் வைத்துப் பங்கு வாங்கினார். 1907 சரிவில் அதுவும் போயிற்று. அம்மாவின் காசோலையோடு வங்கிக்குப் போன சிறுவன், இந்தம்மாவை நம்பி ஐந்து டாலர் கொடுக்கலாமா என்று ஊழியர் கேட்டதைக் காதால் கேட்டான். கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்த எனக்கு இதைப் படித்தபோது மனசு என்னவோ செய்தது.

படிப்பில் கெட்டிக்காரர். 1914-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றதும் ஆங்கிலம், கணிதம், தத்துவம் ஆகிய மூன்று துறைகளும் ஆசிரியர் வேலை தர முன்வந்தன. ஆனால் வீட்டு நிலைமைக்காக வாரம் 12 டாலர் சம்பளத்தில் ஒரு புரோக்கர் கம்பெனியில் சேர்ந்தார். பின்னர் சொந்தமாக மற்றவர்களின் முதலீட்டை நிர்வகித்தார். 1929 முதல் 1932 வரையிலான வீழ்ச்சியில் அதில் ஏறக்குறைய 70 சதவீதம் கரைந்தது. நஷ்டத்தை ஈடுகட்டும்வரை பல வருடம் தனக்கென்று ஊதியம் எடுக்காமல் உழைத்தார்.

அந்த அனுபவத்தில் பிறந்தவைதான் 1934-ல் டேவிட் டாட்டுடன் எழுதிய பாடநூலும், 1949-ல் சாதாரண மக்களுக்காக எழுதிய நூலும். ஐந்தொகையை அலசி, மலிவாகக் கிடைக்கும் நல்ல பங்கைத் தேடிப் பிடிப்பதே அவர் காட்டிய வழி. அதைக் கற்றுத்தான் பஃபெட் முன்னேறினார்.

ஆனால் 1976-ல், 80 வயதைத் தாண்டிய கிரஹாம் வேறு மாதிரி பேசினார். இத்தனை பேர் இத்தனை ஆராய்ச்சி செய்யும் காலத்தில், அந்தச் செலவுக்குத் தக்க பலன் கிடைப்பது சந்தேகம். பெரிய நிறுவனங்கள்கூடச் சந்தையின் சராசரி வருமானத்தோடு திருப்தி அடையலாம் என்றார். வாழ்நாள் முழுக்கக் கற்பித்ததையே திருத்திக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அதே வருடம் ஆகஸ்ட் கடைசியில் ஜான் போகிள் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான முதல் இண்டெக்ஸ் ஃபண்டைத் தொடங்கினார். செப்டம்பர் 21-ல் கிரஹாம் பிரான்சில் காலமானார். அவருடைய மாணவர் பஃபெட்டும், தன் காலத்துக்குப் பின் மனைவிக்காக ஒதுக்கும் பணத்தில் 90 சதவீதத்தைச் செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டில் போடச் சொல்லியிருக்கிறார்.

இப்போது காரணம். ஓய்வுக்குப் பின் என் முதலீடு ஒரு புரோக்கர் வழியாக இருந்தது. இதை விற்று அதை வாங்குங்கள் என்று மாதாமாதம் போன் வரும். ஒருநாள் பழைய பழக்கத்தில் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். 10 லட்சம் ரூபாய் வருடம் 10 சதவீதம் வளர்ந்தால் 20 வருடத்தில் சுமார் 67 லட்சம். செலவு என்று ஒரே ஒரு சதவீதம் போனால் 56 லட்சம். வித்தியாசம் 11 லட்சம், போட்ட முதலைவிட அதிகம்!

புரோக்கரை மாற்றினேன். நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டின் டைரக்ட் பிளானுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறிவருகிறேன். ஒரேயடியாக விற்றால் வரி கூடும். வெளியேறும் கட்டணமும் இருக்கலாம். சந்தை இறங்கினால் இந்த ஃபண்டும் இறங்கத்தான் செய்யும். ஆகவே, ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை வங்கி டெபாசிட்டிலேயே வைத்திருக்கிறேன்.

உங்கள் ஸ்டேட்மென்டையும் ஒருமுறை எடுத்து, வருடச் செலவு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கணக்குப் போடத் துணை வேண்டுமானால் மாலை நடையில் என்னைக் கேளுங்கள்.