கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டவர்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால் விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. மசூலிப்பட்டினத்தருகே புயலிற் சிதைந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதிய பாய்மரம் நாட்டுதற்பொருட்டு அங்கு வந்து தங்கிற்று. 1660ஆம் ஆண்டிற் கப்பற்றலைவரும், அவர்தம் மைந்தர் றொபேட் நொக்சும், மாலுமிகள் சிலரும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். மைந்தருக்கு அப்போது வயது 19. அடுத்த ஆண்டிலே தந்தையார் காய்ச்சலால் மாண்டார்.

தனித்துநின்ற இளைஞர் சிங்களமொழி கற்றார். தொப்பி பின்னியும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் பிழைத்தார். சிறுவணிகராய் ஊரூராகத் திரிந்து, வழிகளையும் முட்படலைகளையும் காவல்முறைகளையும் நெஞ்சிற் பதித்தார். ஐயம் எழாவண்ணம் வினாவ அறிந்தமையே அவருயிரைக் காத்தது. 1679இல் தப்பியோடி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

தாயகம் மீளும் கப்பலிலேயே எழுதத் தொடங்கிய அவர் நூல், அறிஞர் றொபேட் ஊக்கின் உதவியோடு 1681இல் இலண்டனில் வெளிவந்தது. நாடு, அரசு, மக்கள், தம் சிறைவாழ்வு என நான்கு பகுதிகள். தம் துயரைக் கடைசியில் வைத்தமை ஆய்வாளருக்குரிய அடக்கமாகும். அரசியல் மெய்யியலார் யோன் லொக்கும் அந்நூலைச் சுட்டினார். நொக்ஸ் 1720இல் மறைந்தார்.

பல்கலைக்கழகங்களில் அரசியலும் பாதுகாப்பும் பயிலும் மாணவர் இன்று கற்கும் கள ஆய்வு, உடனுறைந்து நோக்கல் ஆகிய முறைகளை அவர் விதிவசத்தாற் கற்றார். ஆயினும், கைதியொருவர் தம்மைச் சிறைவைத்த மன்னனைத் தீட்டிய ஓவியத்தை அவ்வாறே ஏற்றலாகாது. எழுதியவர் எங்கு நின்று கண்டார் என வினாவுதலே ஆய்வின் முதற்பாடம்.