செவி மங்கியவர் தந்த தெளிவு

சென்ற பொங்கல் விழாவிற்காக நானும் நண்பர்கள் இருவரும் விடுதி அறையில் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று செய்தோம். ஒட்டுப்பலகைகளைத் தடுப்புகளாக நிறுத்தி, ஒலிபெருக்கியின் பின்புறத்திலிருந்து பெட்டியின் வாய்வரை நீண்ட காற்றுப் பாதை ஒன்றை மடித்து மடித்து அமைக்கும் வகை அது. டிரான்ஸ்மிஷன் லைன் பெட்டி என்பர். 1965-இல் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஏ. ஆர். பெய்லி இவ்வகைப் பெட்டியை விளக்கி எழுதினார். ஆனால் பெயரோ தந்திக் கம்பிக்கு உரியது. பாட்டுப் பெட்டிக்குத் தந்திக் கம்பியின் பெயர் ஏன் வந்தது என்று தேடப் போய், ஆலிவர் ஹெவிசைடு என்னும் பெரியவரின் வாழ்க்கையை அறிந்தேன். அதைத் தோழர்களுக்குச் சொல்வதே என் நோக்கம். எங்கள் பெட்டியின் கதையை இறுதியில் சொல்கிறேன்.

ஹெவிசைடு 1850 மே 18 அன்று லண்டனில் கேம்டன் டவுன் பகுதியில் பிறந்தார். தந்தை அச்சுக்காக மரத்தில் படம் செதுக்கிப் பிழைத்தவர். வறிய குடும்பம். சிறு வயதில் கண்ட ஸ்கார்லெட் காய்ச்சல் பிள்ளையின் செவியை மங்கச் செய்தது. 16 வயதோடு பள்ளிப் படிப்பும் நின்றது. கல்லூரி வாசலை அவர் மாணவராக மிதித்ததே இல்லை. தந்தித் துறையில் புகழ்பெற்ற சார்லஸ் வீட்ஸ்டன் அவர் தாயின் உடன்பிறந்தாளை மணந்தவர். அந்த உறவு வழிகாட்ட, 1868-இல் தந்தி வேலைக்கு டென்மார்க் சென்றார். பின்னர் நியூகாசிலில் பணிபுரிந்தார். 1874-இல், 24 வயதில், அந்த வேலையையும் விட்டுப் பெற்றோர் வீட்டிற்குத் திரும்பினார். அதன்பின் சம்பளத்திற்கு எங்கும் வேலை பார்க்கவில்லை.

வீட்டு அறையில் அவர் செய்தது என்ன? 1873-இல் வெளிவந்த மாக்ஸ்வெல்லின் மின்காந்த நூலைத் தாமே கற்றார். அதற்கு வேண்டிய கணிதத்தையும் தாமே கற்றார். இருபது சமன்பாடுகளாகப் பரந்து கிடந்த கருத்தை, இன்று நாம் வகுப்பில் எழுதும் நான்காகச் சுருக்கினார்.

அடுத்து அவர் எடுத்துக்கொண்டது நீண்ட கம்பியில் செய்தி குழம்பும் சிக்கல். 1855-இல் கெல்வின் கம்பியின் தடையையும் மின்தேக்கத்தையும் மட்டுமே கணக்கில் கொண்டிருந்தார். ஹெவிசைடு தன்தூண்டலையும் கசிவையும் சேர்த்தார். பேச்சின் தாழ்ந்த அதிர்வும் உயர்ந்த அதிர்வும் வெவ்வேறு வேகத்தில் சென்று, வெவ்வேறு அளவில் தேய்வதால்தான் மறுமுனையில் சொல் சிதைகிறது. தடைக்கும் தூண்டலுக்கும் உள்ள விகிதம், கசிவுக்கும் மின்தேக்கத்திற்கும் உள்ள விகிதத்திற்குச் சமமானால், ஒலி மெலியுமே தவிர உருக்குலையாது என்று 1887-இல் காட்டினார். ஆகவே தூண்டலைக் கூட்ட வேண்டும் என்பது முடிவு.

பிரிட்டிஷ் தபால் துறையின் பெரிய பொறியாளரான வில்லியம் பிரீஸ் கொண்டிருந்த கொள்கையோ இதற்கு நேர்மாறு; தூண்டல் பகை என்பது அவர் எண்ணம். ஹெவிசைடு தம் அண்ணன் ஆர்தருடன் எழுதிய கட்டுரை வெளிவராதபடி அவர் தடுத்தார். ஒருவரிடம் பதவி இருந்தது. மற்றவரிடம் உண்மை இருந்தது. 1900-இல் அமெரிக்காவில் பூபின் தூண்டல் சுருள்களுக்குக் காப்புரிமை பெற்றுப் பெரும்பொருள் ஈட்டினார். வழி காட்டியவருக்குக் காசு ஒன்றும் வரவில்லை.

பெருமை சிறிது வந்தது. 1891-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1922-இல் முதல் பாரடே பதக்கம் அவருக்கே வழங்கப்பட்டது. மணம் செய்யாமல், தனிமையில், 1925 பிப்ரவரி 3 அன்று டார்க்கி என்னும் கடற்கரை ஊரில் மறைந்தார்.

இனி எங்கள் பெட்டி. ஹெவிசைடு ஒலிபெருக்கிப் பெட்டியைப் பற்றி எழுதியவரல்லர். ஆயினும் காற்றின் நிறையைத் தூண்டலாகவும், அதன் அமுங்கும் தன்மையை மின்தேக்கமாகவும், பஞ்சின் உராய்வைத் தடையாகவும் கொண்டால் கம்பியின் கணக்கே குழாய்க்கும் பொருந்தும். ஒலிபெருக்கியின் முதுகில் 8 ஓம் என்று அச்சிட்டிருப்பது இம்பீடன்ஸ் அளவு. அந்தச் சொல்லைப் படைத்தவரும் அவரே. எங்கள் ஒலிபெருக்கியின் இயல்பான அதிர்வு வினாடிக்கு 50. ஒலி வினாடிக்கு 343 மீட்டர் செல்வதால், அலைநீளத்தில் கால் பங்கான 1.7 மீட்டருக்குப் பாதை அமைத்தோம்.

விழாவன்று பேசியவர் குரல்கள் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தன. வெறும் குழாய் 50-இல் மட்டுமா ஒலிக்கும்? 150-இலும் 250-இலும் சேர்ந்து முழங்கிற்று. பெட்டியை ஒட்டும்போதே விடுதியின் மின்பணியாளர் எட்டிப் பார்த்து, உள்ளே தலையணைப் பஞ்சைத் தளர்வாகத் திணியுங்கள் என்று சொல்லியிருந்தார். அவர் பட்டம் பெற்றவரல்லர்; பழுதான பெட்டிகள் பலவற்றைத் திறந்து பார்த்தவர். முதுகலை இயற்பியல் படிக்கும் நாங்கள் மூவரும் சிரித்துவிட்டோம். விழா முடிந்ததும் பின்பலகையைக் கழற்றிப் பஞ்சைத் திணித்தோம். உயர்ந்த அதிர்வுகளை நார்கள் தேய்த்துவிட, தாழ்ந்தவை மட்டும் வெளிவந்தன. குரல் தெளிந்தது.

ஹெவிசைடின் வரலாற்றைப் படித்தது அதற்குப் பிறகுதான். படிக்கையில் பிரீஸின் மீது எழுந்த சினம், எங்கள் சிரிப்பு நினைவுக்கு வந்ததும் வெட்கமாயிற்று. மறுநாள் அந்த மின்பணியாளரை அழைத்து, எங்கள் அரைகுறை இந்தியில் தவற்றை ஒப்புக்கொண்டோம். அவர் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. பழைய இந்திப் பாட்டு ஒன்று போடச் சொல்லி, கதவருகே நின்று முழுவதும் கேட்டுவிட்டுப் போனார்.

தோழர்களே, நாளை நம்மில் பலர் ஆய்வுக்கூடங்களில் பதவி ஏற்போம். சொல்பவர் யார் என்று கேட்குமுன், சொன்னது சரிதானா என்று சோதித்துப் பார்ப்போம். செவி மங்கிய அந்தப் பெரியவருக்கு நாம் செலுத்தக்கூடிய கடன் அதுவே.