நகல் எடுத்த ஜேம்ஸ் வாட்

மழைக்காலத்தில் டாலிகஞ்சில் இருக்கும் மாணவர் எவருக்கும் நேர்ந்திருக்கக்கூடிய ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். பையிலிருந்த குறிப்பேடு நனைந்துவிடுகிறது. அறைக்கு வந்து பிரித்துப் பார்த்தால், மைப்பேனாவால் எழுதிய பக்கத்தின் எழுத்துக்கள் எதிர்ப்பக்கத்திலும் இடவலம் மாறிப் பதிந்து கிடக்கின்றன. நாம் மழையையும் மையையும் ஒருசேர நொந்துகொண்டு ஏட்டை மின்விசிறியின் கீழே விரித்துவைக்கிறோம். ஆனால் ஒருவர் இந்த விபத்தையே வேண்டி வரவழைத்தார். அதற்கென ஒரு மையும் ஒரு காகிதமும் ஒரு பொறியும் கண்டார். 1780 இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அவர் வேறு யாருமல்லர், நம் அறையில் எரியும் ஒவ்வொரு விளக்கின் மீதும் பெயர் பொறிக்கப்பட்டுள்ள ஜேம்ஸ் வாட்தான்.

வாட் என்றதும் கொதிக்கும் கெண்டியும் அதன் மூடியும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கதையைப் பள்ளிப் புத்தகங்களுக்கே விட்டுவிடுவோம். ஸ்காட்லாந்தில் கிரீனக் என்ற துறைமுக ஊரில் 1736 ஆம் ஆண்டு ஜனவரி 19 ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் கப்பல் தச்சும் வணிகமும் செய்தவர். பையன் நோஞ்சான், தலைவலிக்காரன். அத்தலைவலி ஆயுள் முழுவதும் அவரை விடவில்லை. பத்தொன்பதாம் வயதில் லண்டன் சென்று, கருவிகள் செய்யும் தொழிலை ஓராண்டில் கற்றுத் திரும்பினார். 1757 இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவருக்குத் தன் வளாகத்திலேயே ஒரு பட்டறை தந்தது. அங்கே நியூகாமன் யந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுதுபார்க்க வந்ததும், நீராவியைத் தனிக் கலத்தில் குளிரவைக்கும் எண்ணம் 1765 இல் உதித்ததும், 1769 இல் காப்புரிமை பெற்றதும் யாவரும் அறிந்தவை. பலரும் அறியாதது அதற்குப் பின் வந்த எழுத்து வேலை.

கைகொடுத்த முதற் கூட்டாளி 1773 இல் நொடித்துப் போனார். அதே ஆண்டில் வாட்டின் மனைவி மார்கரெட் பிரசவத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு வாட் பர்மிங்காமுக்குக் குடிபெயர்ந்து மாத்யூ போல்ட்டனுடன் சேர்ந்தார். 1775 இல் பாராளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் அவரது உரிமையை 1800 வரை நீட்டித்துத் தந்தது. இனிப் பணம் கொட்டும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் வேலை நடந்தது தூரத்தில், கார்ன்வால் சுரங்கங்களில். யந்திரம் முழுவதையும் இவர்கள் செய்து அனுப்புவதும் இல்லை. வரைபடமும் விவரமும் சில நுட்பமான உறுப்புகளும் இங்கிருந்து போகும். மற்றதைச் சுரங்கக்காரர்களே கட்டிக்கொள்வார்கள். பழைய யந்திரத்தோடு ஒப்பிட்டு, மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை இவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இப்படி ஒரு வாணிபத்தில் எது உயிர்? கடிதம்தான். எந்தத் தேதியில் எந்த அளவு சொன்னோம், எந்தக் கணக்குக் கேட்டோம் என்பதற்கு நகல் கையில் இல்லாவிட்டால் வழக்கில் வாய் திறக்க முடியாது.

ஆகவே வாட் எழுதினார். எழுதியதை மறுபடியும் எழுதினார். கார்ன்வாலில் மாதக்கணக்காகத் தங்கியிருந்தபோது, பகலில் சுரங்கத்தில் நின்றுவிட்டு இரவில் தன் கடிதத்துக்குத் தானே நகல் எழுதினார். குமாஸ்தா வைத்துக்கொள்ளலாமே என்று நாம் கேட்கலாம். தொழில் இரகசியம் முழுவதும் அந்தக் கடிதங்களில்தான் இருந்தது. ஆய்வுக்கூடப் பதிவேட்டை இரண்டு பிரதி எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சலிப்பு புரியும்.

அவருடைய நண்பர் குழாத்தில் எராஸ்மஸ் டார்வின் என்ற மருத்துவர் ஒருவர் இருந்தார். பிற்காலத்துச் சார்லஸ் டார்வினின் பாட்டனார். அவர் இரண்டு பேனாக்கள் சேர்ந்து அசையும் கருவி ஒன்றைச் செய்து பார்த்தார். ஒரு பேனாவை நாம் பிடித்து எழுத, மற்றது தானாக நகலை எழுத வேண்டும். கம்பிகளும் கீல்களும் வாட்டுக்குக் கைவந்த கலை. அவர் அந்த வழியில் போயிருந்தால் யாரும் வியக்கமாட்டார்கள். ஆனால் அவர் போனது இரசாயன வழி. கையை ஏன் பின்தொடர வேண்டும், எழுதி முடித்த மையையே கொஞ்சம் கடன் வாங்கினால் என்ன என்று எண்ணிப் பார்த்தார். 1779 கோடையில் அது கைகூடிவிட்டது.

அந்த மையின் சரக்குகளைப் பார்த்தால் நமக்கு வியப்பாக இருக்கும். மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின் போன்ற ஒரு பிசின், படிகாரம். எல்லாம் நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவை! கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சிய நம் முன்னோருக்கு இதன் பாதி இரகசியம் தெரியும். மாசிக்காயின் துவர்ப்புப் பொருளும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்த புதுக் கலவை நீரில் கரையும். காற்றிலுள்ள பிராணவாயு பட்டு, இரும்பு மேல்நிலைக்கு மாறியதும் அது கறுத்து, நீரில் கரையாமல் காகித நாரைப் பற்றிக்கொள்ளும். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே சில மணி நேரம் இருக்கிறதே, அந்த இடைவெளியில்தான் வாட்டின் கண்டுபிடிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. பிசின் சேர்ந்த மை காகிதத்தின் மேலேயே தடித்து நிற்கும். அதன் மீது, பசையிடாத மெல்லிய தாளை ஈரப்படுத்தி வைத்து அழுத்தினால், கரையும் மையில் ஒரு பங்கு தாளுக்குள் ஊறிவிடும். பதிவு இடவலம் மாறித்தான் விழும். ஆனால் தாள் மெல்லியதாதலால் மறுபுறம் திருப்பினால் நேராகப் படிக்கலாம். எதிர்ப்பக்கத்தில் தலைகீழாய்ப் பதிந்த நம் குறிப்பேட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்தத் தாளின் மென்மை ஒன்றுதான்.

ஈரம் மிகுந்தால் எழுத்து கசியும், குறைந்தால் பதியாது. ஆகவே அழுத்தம் பக்கம் முழுவதும் ஒரே சீராக விழவேண்டும். இதற்கு அவர் இரண்டு வழிகளைத் தம் காப்புரிமையில் சொன்னார். ஒன்று, கரும்பு ஆலைபோல் இரண்டு உருளைகளுக்கிடையே தாள்களைச் செலுத்துவது. மற்றொன்று திருகுப் பொறி. முதலில் விற்பனைக்கு வந்தது உருளைப் பொறியே. ஆனால் அடுத்த நூற்றாண்டில் வென்றது திருகுதான். காரணம் எளிது. தனித்தாள் நகல்கள் காணாமற் போயின; எனவே மெல்லிய தாள்களைப் புத்தகமாகவே தைத்து வைத்துக்கொண்டு நகலெடுக்கும் வழக்கம் வந்தது. தைத்த புத்தகம் உருளைக்கிடையே போகாது. தட்டையான இரண்டு இரும்புத் தட்டுகளுக்கிடையே சுகமாக உட்காரும். ஈரம் மற்றப் பக்கங்களுக்குப் பரவாமல் இருக்க எண்ணெய்த் தாளை இடையில் வைப்பார்கள்.

புத்தகம் கட்டும் கடையில் இன்றும் காணும் பைண்டிங் பிரஸ்ஸுக்கு இது உடன்பிறப்பு. கீழே கனத்த அடித்தட்டு, இருபுறமும் எழும்பி மேலே வளைந்து சேரும் வார்ப்பிரும்புச் சட்டம், சட்டத்தின் உச்சியில் புரி வெட்டிய துளை, அதன் வழியே இறங்கும் திருகு, திருகின் நுனியில் மேல்தட்டு, தலையில் கைப்பிடி. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைப்பிடியின் நீளம் மையத்திலிருந்து 20 செ.மீ., ஒரு சுற்றுக்குத் திருகு இறங்குவது 1 செ.மீ. என்று கொள்வோம். கை ஒரு சுற்றில் ஏறத்தாழ 125 செ.மீ. நகர்கிறது, தட்டு 1 செ.மீ. இறங்குகிறது. உராய்வு இல்லையென்றால் விசை 125 மடங்காகும். 5 கிலோ இழுப்பு 600 கிலோவுக்கு மேல் அழுத்தும். உராய்வு அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். எஞ்சியது இருநூறு கிலோ என்றாலும் ஒரு கடிதத்துக்கு அது தாராளம். தின்ற உராய்வும் சும்மா போகவில்லை. கையை எடுத்த பிறகு திருகு தானாகப் பின்வாங்காமல் பிடித்துக்கொள்வது அதுவே. பல பொறிகளில் கைப்பிடியின் இரு முனைகளிலும் இரும்புக் குண்டுகள் இருக்கும். அவை அழகுக்கு அல்ல. ஒரு வீச்சு வீசிவிட்டால் அந்தக் கனமே திருகைக் கடைசிவரை இறுக்கிக் கொண்டுபோகும்.

மீண்டும் வாட்டிடம் வருவோம். போல்ட்டன், இரசாயனம் அறிந்த ஜேம்ஸ் கெயர் ஆகியோருடன் சேர்ந்து 1780 இல் ஜேம்ஸ் வாட் கம்பெனி என ஒன்றை இதற்கென்றே தொடங்கினார். போல்ட்டன் லண்டனில் பொறியைக் காட்டியபோது வங்கிக்காரர்கள் மிரண்டார்கள். கையெழுத்தையும் உண்டியலையும் கள்ளமாகப் பிரதி எடுத்துவிடுவார்கள் என்று அஞ்சினார்கள். ஆனாலும் பொறி விற்றது. பெஞ்சமின் பிராங்க்ளின் மூன்று வாங்கினார். வாஷிங்டனுக்கு 1782 இல் ஒன்று போய்ச் சேர்ந்தது. ஜெபர்சன் 1785 இல் ஒன்று வாங்கியதோடு நில்லாமல், பயணத்தில் எடுத்துச் செல்லக்கூடிய சிறு பொறியையும் தாமே வடிவமைத்தார். தட்டச்சும் கார்பன் தாளும் வந்து ஒதுக்கும் வரை, நூறாண்டுக்கு மேல், உலகின் அலுவலகங்களில் இந்தப் பொறி திருகிக்கொண்டிருந்தது. ஆங்கிலேயர் ஆண்ட நம் நாட்டு அலுவலகங்களும் இதற்கு விலக்கல்ல.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எழுத்தை நகலெடுக்க உலகத்துக்கு வழி சொன்ன இதே மனிதர், தம் யந்திரத்தை ஒருவரும் நகலெடுக்கக் கூடாது என்று போராடுவதில் தம் நடுவயதைச் செலவிட்டார். 1790களில் எட்வர்ட் புல் மீதும், ஹார்ன்புளோயர், மேபர்லி என்போர் மீதும் வழக்குகள் நடந்தன. புல் வழக்கில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். மற்றதில் 1799 ஜனவரியில்தான் வெற்றி உறுதியாயிற்று. உரிமை முடிய ஓராண்டே இருந்தது. நீராவி யந்திரத்தின் முன்னேற்றம் அந்த உரிமையால் தடைப்பட்டதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். தடைப்பட்டது என்பாரோடு நான் சேர்வேன். அதிக அழுத்த நீராவியை வாட் விரும்பவேயில்லை, பிறர் அதைத் தொடுவதையும் பொறுக்கவில்லை. ஆயினும், சுரங்கக்காரர்கள் தர வேண்டிய தொகையைத் தராமல் இழுத்தடித்த கடிதங்களுக்கு நள்ளிரவில் பதில் எழுதி அதற்கு நகலும் எழுதிய ஒருவரை, வெறும் பேராசைக்காரர் என்று எளிதில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. மெல்லிய தாளில் பதிந்து பழுப்பேறிய அவர் கடித நகல்கள் இன்றும் பர்மிங்காம் நூலகத்தில் உள்ளன. அவரைப் பற்றி நாம் இவ்வளவு அறிவதற்கே அவை காரணம்.

1800 இல் உரிமை முடிந்ததும் அவர் தொழிலிலிருந்து விலகினார். மகள் ஜெஸ்ஸி 1794 இல் இறந்திருந்தாள்; அறிவியலில் நாட்டம் கொண்ட மகன் கிரெகரி 1804 இல் காசநோயால் மறைந்தான். கிழவர் ஹீத்பீல்ட் வீட்டின் மாடிப் பரணில் ஒரு பட்டறை அமைத்துக்கொண்டு அங்கேயே பொழுதைக் கழித்தார். அங்கே அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? மறுபடியும் நகல்தான்! ஒரு முனை சிலையைத் தடவிச் செல்ல, மறுமுனையில் சுழலும் வெட்டுளி அதே வடிவைச் சிறிதாகவோ அதே அளவிலோ செதுக்கும் பொறிகள் இரண்டை அவர் அமைத்தார். அவற்றில் செதுக்கிய சிறு சிலைகளை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். 1819 ஆகஸ்ட் 25 இல், தம் எண்பத்து மூன்றாம் வயதில் அவர் இறந்தபோது அந்தப் பொறிகள் பரணிலேயே நின்றன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அறை ஏறக்குறைய அப்படியே கிடந்தது. 1924 இல் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களோடு அதை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் பெயர்த்துச் சென்றார்கள். சிலைப் பொறிகள் இரண்டும் அவற்றுள் உள்ளன. அவற்றுக்கு வாட் காப்புரிமை எடுக்கவில்லை.